கல்லும் கதையும்



சென்ற திங்கள் அயர்லாந்து நாட்டின் தலைநகராகிய டப்ளினிலிருந்து சித்தூரில் உள்ள எங்கள் இல்லத்துக்கு அஞ்சலில் ஒரு பொதி வந்தது. அந்நகரில் பணியாற்றும் என் இளைய மகன் அனுப்பியது அது. அவன் தாய்க்கு ஒரு கம்பளிச் சால்வையும் எனக்கு ஒரு புத்தகமும் அதனுள் இருந்தன. "அயர்லாந்தின் சிங்கம்" என்று பொருள்படும் பெயருடைய அந்நூல், மார்கன் லுவெலின் என்னும் அம்மையார் 1980 வாக்கில் ஆங்கிலத்தில் எழுதிய சரித்திர நாவல். பிரையன் பொரு என்னும் பழைய ஐரிஷ் அரசனே அதன் தலைவன்.

நூலினுள் மகன் ஒரு சிறு கடிதம் வைத்திருந்தான். "அப்பா, நீங்கள் இராசராசனைப் பற்றி ஓயாமல் பேசுவீர்களே! இங்குள்ளோர் இந்தப் பிரையனைப் பற்றி அவ்வாறே பேசுகிறார்கள். அவன் இறந்த ஆண்டைப் பாருங்கள்" என்பது கடிதத்தின் வாசகம். பார்த்தேன். கி.பி. 1014, ஏப்ரல் 23, புனித வெள்ளிக்கிழமை. டப்ளினை அடுத்த கிளாண்டார்ஃப் என்னும் இடத்தில் நிகழ்ந்த போரில் அவன் உயிர் துறந்தான். நம் முதலாம் இராசராசன் மறைந்து, இராசேந்திரன் தனியாட்சி தொடங்கிய ஆண்டும் அதே 1014 என்பர் வரலாற்று அறிஞர். கடல் பல கடந்த இரு நாடுகளில் இரு பெருவேந்தர் ஓராண்டில் மறைந்தனர் என்பது வெறும் தற்செயலே. ஆயினும் அத்தற்செயல், அப்போது எங்கள் குடும்பத்தை வாட்டிக்கொண்டிருந்த ஒரு சிக்கலுக்கு வழி காட்டியது. புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கும் அது பயன்படலாம் என்றெண்ணி இங்கே எழுதுகின்றேன்.

என் மகளின் குடும்பம் திருப்பதியில் வாழ்கின்றது. பேரன் ஏழாம் வகுப்பில் படிக்கின்றான். பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும் கற்கின்றான். தமிழ் பேசுவான், படிக்க அறியான். "தமிழ் இவனோடு நின்றுவிடுமோ?" என்ற அச்சம் எனக்கு எப்போதும் உண்டு. ஆதலால் ஓர் ஏற்பாடு செய்தேன். நாள்தோறும் இரவு எட்டரை மணிக்குத் தொலைபேசியில் அவனுக்குக் கல்கியின் "பொன்னியின் செல்வன்" நாவலில் ஓர் அத்தியாயம் படித்துக் காட்டுவேன். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வெளிவந்து, தமிழ் மக்களை வாரந்தோறும் காத்திருக்கச் செய்த கதையன்றோ அது? பேரனும் அவ்வாறே காத்திருந்தான். வந்தியத்தேவன் குதிரையேறியது முதல் அவன் உள்ளம் அக்கதையிலேயே உலவியது. இரண்டு திங்களில், "தாத்தா, இந்த எழுத்தை எப்படிப் படிப்பது?" என்று அவனே கேட்கத் தொடங்கினான். நான் உள்ளம் பூரித்தேன்.

அப்பூரிப்பு நீடிக்கவில்லை. ஒருநாள் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் குரலில் வருத்தம் இருந்தது. அடுத்த வீட்டுத் தெலுங்குச் சிறுவன் ஒருவன் பேரனுக்கு உயிர்த்தோழன். இருவரும் ஒரே வகுப்பு. ஒரே மிதிவண்டியில் ஊர் சுற்றுபவர்கள். விளையாட்டில் ஏதோ ஒரு சிறு பூசல் எழ, "இந்த ஊரெல்லாம் எங்கள் சோழர் ஆண்டது. நீங்கள் எங்களுக்குக் கீழே இருந்தவர்கள்தாமே!" என்று இவன் கூறிவிட்டான். அச்சிறுவன் மறுமொழி கூறாது வீடு சென்றவன் பத்து நாள்களாக இவனோடு பேசவில்லை. "அப்பா, இந்தக் கதை படிப்பதை நிறுத்திவிடுங்கள். நாங்கள் இங்கே நாளும் முகம் பார்த்து வாழவேண்டியவர்கள்" என்றாள் மகள்.

அன்றிரவு நான் தொலைபேசியைத் தொடவில்லை. கதையை நிறுத்தினால் பேரனின் தமிழும் நிற்கும். நிறுத்தாவிடில் அவன் தோழமை கெடும். பிழை கல்கியுடையதா என்று எண்ணிப் பார்த்தேன். அன்று, பிழை என்னுடையதே. "நம் அரசர்", "நம் பகைவர்" என்று இடையிடையே நானே சேர்த்துப் படித்தேன். எது கல்வெட்டில் உள்ளது, எது ஆசிரியரின் கற்பனை என்பதை ஒருநாளேனும் நான் பிரித்துச் சொன்னதில்லை. கதையை வரலாறாகவும், வரலாற்றைப் பெருமையாகவும் ஊட்டியவன் நான். பிள்ளை அதை அப்படியே பக்கத்து வீட்டில் உமிழ்ந்துவிட்டான்.

அந்த வாரத்திலேதான் டப்ளினிலிருந்து அப்பொதி வந்தது. நாவலைப் படித்துவிட்டு, அதன் பின்னுள்ள வரலாற்றையும் தேடிப் படித்தேன். வேறு நாட்டு அரசன் ஆதலின் எனக்கு அவன்மேல் பற்றும் இல்லை, பகையும் இல்லை. அதனால் கண் தெளிவாகத் தெரிந்தது.

பிரையனைப் பற்றி மக்கள் வழங்கும் கதை யாது? வடகடலிலிருந்து வந்து அயர்லாந்தைச் சூறையாடிய வைக்கிங்கரை அவன் ஒரே போரில் முறியடித்து நாட்டை மீட்டான். எழுபது வயதைக் கடந்த அம்முதியவன் வெற்றி நாளில் தன் கூடாரத்தில் வழிபாட்டில் இருந்தபோது, ஓடிவந்த பகைவன் ஒருவன் அவனை வெட்டி வீழ்த்தினான் என்பதே. இக்கதையை விரித்துரைக்கும் ஐரிஷ் நூல், போர் நடந்து ஏறக்குறைய நூறாண்டுக்குப் பின், பிரையனின் கொள்ளுப்பேரன் ஆட்சியில், அக்குலத்தின் புகழுக்காக எழுதப்பட்டது. அக்காலச் செய்திகளை ஆராய்வோர் வேறொன்றையும் கூறுகின்றனர். அப்போரில் ஐரிஷ் மக்கள் இரு பக்கமும் நின்றனர். டப்ளினை ஆண்ட வைக்கிங் அரசன் சிட்ரிக், பிரையனின் சொந்த மருமகன்! பிரையன் தன் மகளை அவனுக்கு மணம் செய்து கொடுத்திருந்தான். சிட்ரிக்கின் தாயோ ஒருகாலத்தில் பிரையனுக்கே மனைவியாக இருந்தவள். போருக்குப் பின்னும் சிட்ரிக் இருபதாண்டுக்கு மேல் டப்ளினை ஆண்டான். "நாம், அவர்" என்று கதை பிரித்த இரு கூட்டமும் உண்மையில் சம்பந்திகள்.

இதைப் படித்தபோது ஒரு நினைவு எழுந்தது. நம் சோழர் கதையிலும் இவ்வாறுதானே உள்ளது! அதைப் பேரனுக்கு வாயால் சொன்னால் போதாது. கண்ணால் காட்டவேண்டும் என்று முடிவு செய்தேன். காட்டுவதற்குரிய இடமும் திருப்பதிக்கு அருகிலேயே உண்டு.

அடுத்த ஞாயிறன்று காலையில் திருப்பதி சென்றேன். மகள் அடுத்த வீட்டு அம்மையாரிடம் பேசி, அச்சிறுவனையும் எங்களோடு அனுப்பச் செய்தாள். காரின் பின்னிருக்கையில் இரு பிள்ளைகளும் ஆளுக்கொரு சன்னலைப் பார்த்தபடி, நடுவில் ஓராள் அமரும் இடம் விட்டு அமர்ந்திருந்தனர். "எங்கே தாத்தா போகிறோம்?" என்றான் பேரன். "ஒரு பள்ளிப்படைக்கு" என்றேன். அவன் கண்கள் விரிந்தன. பொன்னியின் செல்வனைப் படித்தோர் அதன் காரணத்தை அறிவர். திருப்புறம்பயத்துப் பள்ளிப்படையில், காட்டிருளில், இரவிதாசனும் அவன் கூட்டத்தாரும் கூடிச் சதி செய்யும் காட்சியைக் கேட்டு அவன் ஓரிரவு உறங்காதிருந்தான்.

திருப்பதியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றால் திருக்காளத்தி. அதனை அடுத்துள்ளது தொண்டமானாடு என்னும் சிற்றூர். 2022-ஆம் ஆண்டுவரை எங்கள் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, அவ்வாண்டு ஏப்ரலில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. பழங்காலத்தில் இவ்வூரின் பெயர் தொண்டைமானாற்றூர். விசயாலய சோழனின் மகனும், சோழப் பேரரசுக்கு அடியிட்டவனுமாகிய முதலாம் ஆதித்தன் ஏறக்குறைய கி.பி. 907-இல் இவ்வூரில்தான் உயிர் நீத்தான். "தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்" என்று பின்வந்த கல்வெட்டுக்கள் அவனைக் குறிக்கின்றன. அவன் மகன் முதலாம் பராந்தகன், தந்தையைப் பள்ளிப்படுத்த இடத்தில் சிவன் கோயில் ஒன்று எடுத்தான். அதுவே கோதண்டராமேச்சுரம், ஆதித்தேச்சுரம் என்னும் இரு பெயரும் உடைய பள்ளிப்படைக் கோயில். அங்கே விழா எடுக்கவும் அன்னம் இடவும் பராந்தகன் காலத்தில் ஏற்படுத்திய அறத்தைக் கோயிற் கல்வெட்டு உரைக்கின்றது.

துஞ்சுதல் என்பது உறங்குதலையும் குறிக்கும், இறத்தலையும் குறிக்கும். சங்ககாலத்து அரசர் பெயர்களிலேயே, குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்பதுபோல, இறந்த இடத்தைச் சேர்த்துச் சொல்லும் வழக்கு உண்டு. ஓர் அரசன் எங்கே பிறந்தான் என்பதைவிட எங்கே துஞ்சினான் என்பதையே நம் முன்னோர் அவன் பெயரில் பொறித்தனர்.

சுவரில் இருந்த எழுத்துக்களைக் காட்டினேன். பேரன் உற்றுப் பார்த்தான். "இது தமிழா? எனக்குப் படிக்க வரவில்லையே" என்றான். "எனக்கும் எளிதில் வாராது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தப்பா" என்றேன். தெலுங்குச் சிறுவன் முதன்முதலாக வாய் திறந்தான். "எங்களுடைய எழுத்தைப் போலவும் இல்லை தாத்தா" என்றான். அவன் என்னை அழைக்கும் சொல்லும் அதே தாத்தாதான். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். படிக்க இயலாமையில் இருவரும் ஒன்றானது கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது.

கோயிலின் நிழலில் இருவரையும் அமர்த்தி, ஆதித்தனைப் பற்றி மூன்று செய்திகள் சொன்னேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை.

முதலாவது கல் சொல்வது. ஆதித்தன் என்னும் அரசன் இங்கே துஞ்சினான், மகன் கோயில் எடுத்தான், அறம் வைத்தான். இது அக்காலத்தவரே அவ்விடத்திலேயே எழுதி வைத்தது. இதில் ஐயம் குறைவு.

இரண்டாவது, வழித்தோன்றல்கள் சொல்வது. ஆதித்தன் உயர்ந்த யானைமீதிருந்த பல்லவ அரசன்மேல் பாய்ந்து அவனைக் கொன்றான் என்று கன்னியாகுமரிக் கல்வெட்டு உரைக்கின்றது. அக்கல்வெட்டைப் பொறித்தவன் வீரராசேந்திர சோழன். அவன் காலம் கி.பி. 1063 முதல் 1070 வரை. ஆதித்தன் மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனபின், அவன் குலத்தார் தம் முன்னோனைப் புகழ்ந்து கூறியது இது. பல்லவன் அபராசிதனை ஆதித்தன் வென்றான் என்பது மெய். யானைமேல் பாய்ந்த காட்சியோ குலப்புகழ். ஐரிஷ் அரசனின் கூடாரக் காட்சியும் இவ்வகையே.

மூன்றாவது, கதாசிரியர் சொல்வது. திருப்புறம்பயப் போரில், நடக்க இயலாத முதியவனாகிய விசயாலயனை வீரர் தோளிலே சுமந்து செல்ல, அவன் வாள் சுழற்றினான் என்று கல்கி எழுதுகின்றார். படிக்கும்போது மயிர் கூச்செறிகின்றது. ஆயினும் அது கதை. வந்தியத்தேவன் மெய், குந்தவையின் கணவன் என்று தஞ்சைக் கோயிற் கல்வெட்டில் அவன் பெயர் உண்டு. ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும் மெய். கொன்ற துரோகிகளின் உறவினர் நிலம் கைப்பற்றப்பட்டதை உடையார்குடிக் கல்வெட்டு கூறுகின்றது. நந்தினியோ முற்றிலும் கல்கியின் படைப்பு.

"நந்தினி பொய்யா?" என்று பேரன் துணுக்குற்றான். அவன் முகம் வாடியது. கதையே கசந்துவிடுமோ என்று நானும் அஞ்சினேன். "பொய் வேறு, கதை வேறு. பொய் சொல்பவன் உன்னை ஏமாற்ற எண்ணுகிறான். கதை சொல்பவன், கல் பேசாத இடத்தில், 'இவ்வாறு இருந்திருக்கலாமோ' என்று உன்னை எண்ணச் செய்கிறான்" என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்படியென்றால் கரிகாலனை ஏன் கொன்றார்கள் என்று கல்லில் இல்லையா?" என்று கேட்டான். "கொன்றவர் பெயர் உண்டு. கொன்றதன் உட்காரணம் இல்லை" என்றேன். "அதற்குத்தான் நந்தினியா?" என்றான். அச்சிறுவன் அந்த ஒரு வினாவில் சரித்திர நாவல் என்பதன் இலக்கணத்தைத் தானே கண்டுகொண்டான்.

அடுத்து, தெலுங்குச் சிறுவன் பக்கம் திரும்பினேன். "ஆதிகவி நன்னய்யாவை அறிவாயா?" என்றேன். "பாடத்தில் உண்டு. மகாபாரதத்தைத் தெலுங்கில் தொடங்கியவர். இராசராச நரேந்திரன் அரசவையில் இருந்தார்" என்று ஒப்பித்தான். "அந்த இராசராச நரேந்திரனுக்கு அப்பெயர் யார் நினைவால் வந்தது தெரியுமா?" என்றேன். இருவரும் விழித்தனர்.

ஒரு குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினேன். தஞ்சை இராசராச சோழனுக்கு மகள் ஒருத்தி. அத்தையின் பெயரே அவளுக்கும், குந்தவை. அவளை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய இளவரசன் விமலாதித்தன் மணந்தான். அவர்கள் மகனே இராசராச நரேந்திரன். தாயைப் பெற்ற பாட்டனின் பெயர் அவனுக்கு. அவன் மணந்தது, தாய்மாமன் இராசேந்திர சோழனின் மகள் அம்மங்கையை. அவர்களுக்குப் பிறந்தவனே கி.பி. 1070-இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். கலிங்கத்துப்பரணி போற்றுவது அவனையே. அவனோ கோதாவரிக் கரையில் ஆண்ட அரசனின் மகன்.

பேரன் அக்கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படியென்றால் எங்கள் கதையில் வரும் பொன்னியின் செல்வர், இவன் பாடத்தில் வரும் அரசருக்குத் தாத்தாவா?" என்றான். "ஆம்" என்றேன். தெலுங்குச் சிறுவன் மெல்லச் சிரித்தான். "அப்போது யாருக்குக் கீழே யார்?" என்றான். பேரன் தலை குனிந்தான். "நான் சொன்னது தப்பு" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது பின்னிருக்கையில் நடுவிடம் காலியாகவே இருந்தது. ஆயினும் இருவரும் ஒரே சன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தனர்.

அன்பர்களே, இந்த வடபுலம் சோழர்க்கு எல்லைப் புலம். ஆதித்தன் காளத்திக்கு அருகே துஞ்சினான். அவன் பேரன் இராசாதித்தன் கி.பி. 949-இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில், யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தான். இராசராசனின் பாட்டன் அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் பள்ளிப்படை உண்டு, எடுத்தவன் இராசராசனே. எங்கள் சித்தூர் நகரத்தினூடே ஓடும் நீவா ஆறுதான் வேலூர் மாவட்டத்தில் பொன்னையாறு என்னும் பெயரோடு அந்த மேல்பாடியைத் தொட்டுச் செல்கின்றது. காவிரிக் கரையில் பிறந்தோர் பலர் இம்மண்ணில் துஞ்சினர். கும்பகோணத்துக்கு அருகே பிறந்து, பிழைப்புத் தேடி இங்கு வந்து நாற்பதாண்டு ஆன எனக்கு அச்செய்தி வெறும் செய்தி அன்று. ஆதித்தன் துஞ்சிய ஊரில் இன்று வாழ்வோர் பேசும் மொழி தெலுங்கு. கோயிலுக்கு வழி கேட்டபோது ஒரு விவசாயி வேலையை விட்டு எங்களோடு நடந்து வந்து வாயில் வரை காட்டிச் சென்றார்.

ஆகவே, வேற்றூரில் பிள்ளை வளர்க்கும் தாய்மார்க்கும் தந்தையர்க்கும் என் வேண்டுகோள் இதுதான். சரித்திர நாவல்களைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். தமிழை அவர்கள் நாவில் நிறுத்த அவற்றினும் இனிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் மூன்று வினா கேட்கப் பழக்குங்கள். இதைக் கல் சொல்கிறதா? வழிவந்தோர் சொல்கிறார்களா? கதாசிரியர் சொல்கிறாரா? நீங்கள் வாழும் ஊர் எதுவாயினும், அதன் பழைய கல் ஒன்றைத் தேடிச் சென்று காட்டுங்கள். அவ்வூர்ப் பிள்ளை ஒருவனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். டப்ளினில் உள்ள என் மகனுக்கும் அவ்வாறே எழுதியிருக்கின்றேன். கிளாண்டார்ஃபுக்குத் தன் மகளோடு அவள் தோழியையும் அழைத்துப் போகச் சொல்லி.

அன்றிரவு எட்டரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. இம்முறை அழைத்தவன் பேரன். "தாத்தா, விட்ட இடத்திலிருந்து படியுங்கள். இவனும் கேட்கிறானாம். புரியாத சொல்லை நான் தெலுங்கில் சொல்கிறேன்" என்றான்.

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன்.